தனி அறை

உதவித்தொகை கொடுத்தவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்திடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்வி உளவியலாளராகப் பயிற்சி எடுக்கும் ஆசிரியையான எனக்கு, பிள்ளைகளைச் சோதிக்க ஒரு தனி அறை. தலைமையாசிரியை பூம்பூம் மாடாய்த் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். போட்டதோடு சரி.

நூலகத்தில் பாட்டு வகுப்பு. ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சுகள். அலைந்து அலைந்து கடைசி நாளும் வந்துவிட்டது. இந்த ஒரு சோதனை முடிந்தால்தான் எனக்குப் பட்டம். இன்றோடு உதவித்தொகையும் நிற்கிறது. பயிற்சி நிலையத்து மேற்பார்வையாளர் வந்து காத்திருந்தார்.

"என் ரூம்லயே வெச்சுக்கோம்மா. நான் வாயே திறக்கமாட்டேன்" என்றார் தலைமையாசிரியை.

நாலாம் வகுப்புச் சிறுமி. வாயாடி, ஆனால் புத்தகத்தைக் கண்டால் அழுவாள். அவளுடைய சிரமம் இந்தச் சோதனையில் தெரிந்தால் அவளுக்கென்று தனி ஆசிரியை கிடைப்பார்.

நான் எண்களைச் சொல்ல, அவள் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் திணறினாள். பிறகு திடீரென்று எல்லாம் சரியாக வந்தது. அவள் கண் என் தோளுக்குப் பின்னால் இருந்தது. திரும்பினேன். தலைமையாசிரியை மேசைக்கு மேலே விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்! இன்ஸ்பெக்டர் வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு விடை காட்டுகிற அதே வேலை.

மேற்பார்வையாளர் எழுந்துவிட்டார். "இது செல்லாது. இந்தப் பிள்ளைக்கு மறுபடி வைக்கணும்னா ஒரு வருஷம் போகணும்."

"ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க?" கத்தியே விட்டேன்.

"வெளியாள் முன்னாடி நம்ம பிள்ளை முழிச்சா யாருக்கு அசிங்கம்? நான் வாயே திறக்கலையே!"

பாவி! என் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டு, முகத்தில் அப்படியொரு பெருமை.

மறுநாள் சிறுமியின் அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். "எல்லாம் டாண் டாண்ணு சொல்லிட்டாம்மா. வெறும் சோம்பேறித்தனந்தான்" என்றார் தலைமையாசிரியை.

"இல்லம்மா, அந்தச் சோதனை செல்லாது. இவளுக்கு உதவி வேணும்" என்றேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் உங்க பரீட்சையில கோட்டை விட்டீங்களாமே, டீச்சர்?"

அவர் மகளைப் பிடித்து உலுக்கினார். "இங்க மட்டும் எப்படிடி வந்துச்சு? சொல்லுடி!"

சிறுமி தலைமையாசிரியையின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.