கால் நீட்ட ஓர் இடம்

ஆறடி நான்கு அங்குல உயரம் அவனுக்கு. தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ‘கொக்கு’. நாற்பத்து மூன்று வயதில் அந்தக் கொக்கு முதன்முதலாகப் பறக்க வேண்டி வந்தது. பதினான்கு மணி நேரப் பயணம்.

அந்தக் கோடியில் அவன் அக்கா இருந்தாள். மூன்று வருடங்களாக டயாலிசிஸ். தம்பியின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தும் என்று சோதனைகள் சொல்லிவிட்டன. கிளம்புவதற்கு முதல் நாள் அவளுடைய டாக்டர் வீடியோவில் பேசினார்.

“ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்தா ரத்தம் உறைஞ்சு கட்டியாகலாம். அப்படி ஆச்சுன்னா ஆபரேஷனே தள்ளிப் போயிடும். இறுக்கமான சாக்ஸ் போட்டுக்கோங்க. மணிக்கு ஒருதரம் எழுந்து நடங்க.”

டாக்டருக்குப் பின்னாலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். “கேட்டுக்கிட்டியாடா? நீ எப்படி வேணா வா. என் கிட்னி சொகுசா வரணும்.”

“இன்னும் என்கிட்டதான் இருக்கு. அதுக்குள்ள உன் கிட்னியா?” என்றான் அவன்.

மச்சான் அவசரத்தில் எடுத்த டிக்கெட். முப்பத்தொன்றாம் வரிசை, நடு இருக்கை. உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் முன் இருக்கையில் முட்டின. விமானம் மேலே போய் அரைமணி நேரம் ஆவதற்குள் முன்னால் இருந்த கண்ணாடிக்காரர் இருக்கையைச் சாய்த்தார். அவனுக்கு உயிர் போய் வந்தது.

“சார், கொஞ்சம் நிமிர்த்திக்கிறீங்களா? முட்டி இடிக்குது.”

“சாய்க்கறதுக்குத்தானே சார் பட்டனே வெச்சிருக்கான்” என்று கண்ணை மூடிக்கொண்டார் அவர்.

இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். இடது பாதம் மரத்துப்போனபோது பயம் வந்துவிட்டது. ஜன்னலோரம் ஒருவர், நடைபாதையோரம் ஒருவர். இருவரும் நல்ல தூக்கம். ஒருவரை எழுப்பி மன்னிப்புக் கேட்டு, விமானத்தின் வால்பக்கம் போய் நின்றான். வேறு இடம் கிடைக்குமா என்று பணிப்பெண்ணிடம் கேட்டான். ஒன்றுகூடக் காலி இல்லை என்றாள்.

அங்கே ஓர் அம்மாள் சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். அவன் நெஞ்சு உயரம்கூட இல்லை.

“உங்களுக்கும் கால் வலியா தம்பி?”

“முட்டி வைக்க இடமில்லக்கா.”

“எனக்கு நேர் எதிர். அவசரக் கதவுக்குப் பக்கத்துல சீட்டு. முன்னாடி பெரிய மைதானம். என் பையன் ஆசை ஆசையா காசு கட்டி வாங்கிக் குடுத்திருக்கான். கால் தரையில எட்டினாத்தானே? பை வெச்சு அது மேல காலை வைக்கலாம்னா, அந்த வரிசையில பையே வைக்கக் கூடாதாம். தொங்கித் தொங்கித் தொடை விட்டுப் போச்சு.” அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். “மாத்திக்கலாமா?”

“என்னோடது நடு சீட்டுக்கா. நசுங்கிடுவீங்க.”

“நான் ரொட்டிக்கடைக்காரி. முப்பது வருஷமா அடுப்புக்கும் மேசைக்கும் நடுவுல நிக்கிறேன். எனக்கு அதுவே தாராளம்.”

பணிப்பெண் சம்மதித்தாள். ஆனால் அவனிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டுமாம். “அவசரம்னா அந்தக் கதவை உங்களால திறக்க முடியுமா சார்?”

“மேடம், சிக்கின கதவைத் திறக்கறதுதான் என் பொழப்பே.”

முப்பத்தொன்றாம் வரிசையில் தன் பையை இழுத்து ரொட்டிக்கடை அக்காவின் பாதத்துக்கு அணைவாக வைத்தான். “அப்பாடா!” என்று அவள் சொன்ன தோரணையில் பக்கத்தில் தூங்கியவர்கூட விழித்துக்கொண்டார். எதற்காகப் போகிறான் என்பதை அப்போதுதான் சொன்னான். அவள் சிரிப்பு சட்டென்று நின்றது.

“மணிக்கு ஒருதரம் நடக்கணும்னா சொன்னாங்க? நீங்க நிம்மதியாத் தூங்குங்க. நான் எழுப்பறேன்.”

பதினாறாம் வரிசையில் போய்க் காலை நீட்டினான். முழங்கால் முழுதாக நீண்டபோது கண் கலங்கியது. யாரோ ஒருத்தி. அவனுக்கு என்ன உறவு?

பேச்சுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தான். ஒரு மணி நேரம் கழித்துத் தோளில் தட்டு விழுந்தது. “எந்திரிங்க தம்பி.” இருவரும் நடைபாதையில் இரண்டு சுற்று நடந்தார்கள். அடுத்த மணியும் வந்தாள். அதற்கடுத்த மணியும். நான்காவது முறை, அவளுக்குப் பின்னால் கண்ணாடிக்காரர் நின்றார்.

“நானும் வரட்டுமா? முதுகு பிடிச்சுக்கிச்சு.” பிறகு தயங்கிச் சொன்னார்: “அந்தம்மா விஷயத்தைச் சொன்னாங்க. எனக்குத் தெரியாதுங்க.”

“பரவாயில்ல சார், வாங்க” என்றான். உயரம், குட்டை, நடுத்தரம் என்று மூவரும் வரிசையாக நடப்பதைப் பார்த்துப் பணிப்பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இறங்கும்வரை ஒரு மணிகூடத் தவறவில்லை.

பெட்டிகளோடு வெளியே வந்த இடத்தில் கூட்டம் அவர்களைப் பிரித்துவிட்டது. மச்சான் ஒரு பக்கம் கையைப் பிடித்து இழுக்க, “அக்கா!” என்று கத்தினான். மகனின் அணைப்புக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் உயர்ந்து ஆடியது.

மறுநாள் கால்களை ஸ்கேன் செய்தார்கள். கட்டி எதுவும் இல்லை. ஒன்பதாம் நாள் அறுவை சிகிச்சை. அக்காவுக்குள் வைத்த சில நிமிடங்களிலேயே சிறுநீரகம் வேலையைத் தொடங்கிவிட்டதாம்.

அறுவை முடிந்த இரண்டாம் நாள் காலை, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, சுவரோரமாக நடந்து அக்காவின் அறைக்குப் போனான். முகத்தில் இருந்த வீக்கம் வடிந்து, அவள் பழைய அக்காவாக இருந்தாள். விமானக் கதையை முழுவதும் கேட்டாள்.

“அவங்க பேரு என்னடா?”

“கேக்கல.”

“பதினாலு மணி நேரம் கூட இருந்திருக்க, பேரு கேக்கலையா? வளர்ந்திருக்க, அவ்வளவுதான்” என்று திட்டினாள். திட்டும்போதே குரல் உடைந்தது. “அந்த மகராசி நல்லா இருக்கணும்.”

நர்ஸ் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டு வந்தாள். டயாலிசிஸில் இருப்பவர்கள் அதிகம் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதால், இத்தனை வருடமாக நாக்கை நனைக்க மட்டும், அதுவும் அளந்து குடித்தவள் அக்கா. டம்ளரைப் பார்த்துவிட்டு நர்ஸைப் பார்த்தாள்.

“முழுசுமா?”

“முழுசும். குடிச்சுட்டு இன்னொண்ணும் குடிக்கணும்.”

அக்கா தம்பியின் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நிதானமாக, நிறுத்தி நிறுத்திக் குடித்தாள்.