சந்தனப் பொட்டு வைத்த ரவைப்பெட்டி

கிட்ட வந்து இருங்கள் என் செல்லங்களே, கதவடியில் குளிரும். ஒரு நரித்தோலின் ஓட்டை வழியே கோபாலசிங்கத்தின் நாலு வருசக் காத்திருப்பு ஒழுகிப்போன கதையைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாரி. பலெர்மோவில், லிபெர்த்தாத் தெருப் பக்கம், சிஞ்ஞோர் என்று கூப்பிடும் ஒரு இத்தாலிய முதலாளியின் வீட்டில் அவன் வேலை செய்தான். சிஞ்ஞோருக்கு நரிவேட்டைப் பைத்தியம். ஊரில் தையல்காரனாக இருந்த கோபாலசிங்கம்தான் தோல்களைப் பதப்படுத்தி ஓட்டைகளைத் தைப்பான். துப்பாக்கியை அவன் ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் ஓட்டையைத் தடவியே எந்த ரவை, எந்தத் தோட்டா என்று சொல்வான். ஈயமுனை ரவை உள்ளே விரிந்து மறுபக்கத்தைக் கிழித்துக்கொண்டு வரும், அது காட்டுப்பன்றிக்கு. மெல்லிய உறை போட்ட இலேசான ரவையோ உள்ளே போனதும் பொடிப்பொடியாகி அங்கேயே நின்றுவிடும். மிளகளவு ஓட்டை ஒன்றுதான். நரிக்கு அதுவே சரி.

இரண்டும் ஒரே துப்பாக்கிக்கானவை. பெட்டியின் இத்தாலிய எழுத்து அவனுக்குப் பிடிபடவில்லை. பன்றி ரவைக்குக் குங்குமம், நரி ரவைக்குச் சந்தனம் என்று பொட்டு வைத்தான். சிஞ்ஞோர் அதைப் பூசை என்று நினைத்துச் சிரித்தார். பொட்டின் பொருள் தெரிந்த மற்றவன் விக்னராஜா மட்டும். ரயில் ஸ்தாசியோனேயில் ஒரு பையோடு நின்றவனைக் கூட்டிவந்து, கட்டிலில் பாதியும் அதே வீட்டில் வேலையும் எடுத்துக் கொடுத்தவன் கோபாலசிங்கம்.

முதலாளி கையெழுத்து வைத்தால் பெர்மெஸ்ஸோ கிடைக்கும் என்று அப்போது சட்டம் வந்தது. அந்த அனுமதி கையில் வந்தால்தான் நாலு வருசமாய் ஊரில் இருக்கும் மனைவி செல்வமலரைக் கோபாலசிங்கம் கூப்பிடலாம். சிஞ்ஞோர் ஒருவருக்குத்தான் வைப்பேன் என்றார். "மகளின் கோட்டுக்கு ஒரு தோல் குறைகிறது. பழுதில்லாமல் முடித்துத் தா, கையெழுத்து உனக்கு" என்று கோபாலசிங்கத்திடம் சொன்னார்.

வேட்டைக்குப் புறப்படும் காலை, விக்னராஜா பெட்டியை நீட்டினான். "இந்தாங்கோ அண்ணை, சந்தனம்." கோபாலசிங்கம் திறந்து பார்க்காமலே சிஞ்ஞோரின் பையில் வைத்தான்.

பின்னேரம் சுட்ட நரி வந்தது. விலாப்பக்கம் கைமுட்டி போகிற அளவுக்குப் பிய்ந்திருந்தது. கத்திய சிஞ்ஞோருக்கு முன்னால் அவன் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்தான். சந்தனத்துக்கு அடியில் சிவப்பு ஊறியிருந்தது. பொட்டு மாறியிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தான். சாமியைக் காட்டித் தப்பப் பார்க்கிறாயா என்று அவர் கையை வீசிவிட்டுப் போனார். கையெழுத்து விக்னராஜாவுக்கு.

"உது நீ செய்த வேலையோடா?" என்று கோபாலசிங்கம் அவனைக் கேட்டான்.

"எனக்கும் அங்கை ரெண்டு குஞ்சுகள் இருக்குதுகள் அண்ணை. நீங்கள் கெட்டிக்காரன், வேறை வீடு கிடைக்கும்."

"பாதிக் கட்டில் தந்தன். முழுக்கக் கேட்டிருந்தா நிலத்திலை படுத்திருப்பன். கேக்கேல்லையேடா நீ!"



கோபாலசிங்கம் ஈரத்துணி எடுத்தான். அலுமாரியிலிருந்த எல்லாப் பெட்டிகளின் பொட்டையும், சந்தனம் குங்குமம் பாராமல் துடைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

"அண்ணை! இனி எதை எடுத்துக் குடுக்கிறது?" விக்னராஜா மேலிருந்து கூப்பிட்டான்.

"ஓட்டையைத் தைக்கேக்கை தெரியும்."

போய்விட்டான். அன்றிரவு முழுக்கட்டிலும் விக்னராஜாவுக்குக் கிடைத்தது.

உங்கள் வீட்டில், என் கண்மணிகளே, வைத்த பொட்டு வைத்த நிறத்திலேயே இருக்கட்டும். உள்ளே வந்தவர்கள் உள்ளன்போடு இருக்கட்டும். காத்திருப்பவர்கள் எல்லாரும் வந்து சேரட்டும்.