பண்டுங் பையும் ஐந்து வேளைப் பாலும்

"பையன் இல்லையாம் ஜுபைதா."

சேலை மடித்துக்கொண்டிருந்த ஜுபைதாவின் கை அப்படியே நின்றது. பிரிக்பீல்ட்ஸில் அந்தச் சின்னத் துணிக்கடையை இருவருமாகப் பதினான்கு வருடமாக நடத்துகிறார்கள். கணவர் நஜ்முதீனின் முகத்தைப் பார்த்தே எந்தச் சேதியையும் படித்துவிடுவாள். இன்றைக்கு மட்டும் பிடிபடவில்லை.

"இல்லையாம்னா? நமக்குத் தர மாட்டாங்களாமா?"

"பெத்தவளே வந்து தூக்கிட்டுப் போயிட்டாளாம். நேத்து."

ஜுபைதா ஸ்டூலில் உட்கார்ந்தாள். தத்தெடுக்க ஆறு வருடம் பெயர் எழுதி வைத்துக் காத்திருந்து, போன மாதம்தான் கிள்ளானில் இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து ஒரு பையன் இருக்கிறான் என்று கூப்பிட்டிருந்தார்கள். நீலச் சட்டை ஆறு வாங்கித் துவைத்து மடித்தும் வைத்தாயிற்று.

"போகட்டும் மச்சான். அவ புள்ள, அவ தூக்கிட்டுப் போறா. நம்ம என்ன சொல்ல முடியும்?"

"முழுசாக் கேளுலா. இன்னொரு புள்ள இருக்காம். பொறந்து பதினெட்டு நாளு. பொண்ணு. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கிறீங்களான்னு கேக்குறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன். பின்ன?"

ஜுபைதா சிரித்தாள், அழுதாள், மூக்கைத் துடைக்க முந்தானை என்று நினைத்து விற்பனைச் சேலையை எடுத்தாள். "ஐயோ, அது நூத்தி இருபது வெள்ளி!" என்று நஜ்முதீன் பிடுங்கினார். அப்புறம் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நினைவு வந்தது. சிரிப்பு நின்றது.

"மெஹ்ரின்கிட்ட சொல்லணும்" என்றாள் ஜுபைதா.

மெஹ்ரின் அவள் தங்கை. காஜாங்கில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. வளர்க்க எடுக்கும் பிள்ளை பெரியதானாலும் வீட்டுக்குள் அன்னியமாகிவிடக் கூடாது என்றால், மார்க்கப்படி இரண்டு வயதுக்குள் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஐந்து வேளையாவது வயிறு நிறையப் பால் கொடுக்க வேண்டும். ஜுபைதா மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தாள், சொட்டுப் பால் ஊறவில்லை. "நான் இருக்கேன் ராத்தா, கவலைய விடு" என்று மெஹ்ரின் சொல்லியிருந்தாள். பையன் என்றால் அது போதும். அவன் ஜுபைதாவுக்குத் தங்கை மகன் ஆகிவிடுவான்.

"பொண்ணாச்சே" என்றார் நஜ்முதீன். "மெஹ்ரின் பால் குடுத்தா உனக்குச் சரி. எனக்கு அவ யாரோதானே? வயசுக்கு வந்துட்டா என் முன்னாடி முக்காட்டோட நிக்கணும். ஸ்கூலுக்குக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக முடியாது."

"உங்க பக்கத்து ஆளு குடுக்கணும்."

"என் பக்கம் வேற யாரு இருக்கா? அஃப்ரின்தான்."

பேரைச் சொல்லிவிட்டு அவர் கல்லாவைத் திறந்து மூடினார். அஃப்ரின் அவருடைய தங்கை, கிள்ளானில் இருப்பவள், அவளும் கைக்குழந்தைக்காரி. ஏழு மாதமாக ஜுபைதா அவளோடு பேசுவதில்லை.

"நான் போன் பண்றேன்."

"வேணாம் மச்சான். பேசாம இருந்தது நான். நான்தான் போய்க் கேக்கணும்."

புதன்கிழமை சென்ட்ரலில் கிள்ளான் ரயிலேறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பழைய ரயில்வே வீடுகள் இருந்த பக்கம் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். ஜுபைதாவின் கண்ணில் அவை நிற்கவில்லை. அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரமும், மரத்தடியில் பண்டுங் விற்கும் அண்ணனும்தான் தெரிந்தார்கள்.

நஜ்முதீன் வீடும் ஜுபைதா வீடும் அப்போது ஒரே கடைவீட்டின் மாடியில், எதிரெதிர்க் கதவு. அஃப்ரினும் அவளும் ஒரே வகுப்பு. பள்ளி விட்டதும் இருவர் காசையும் சேர்த்து, ரோஜா சிரப்பில் பால் ஊற்றிய பண்டுங் ஒரு பை. பிளாஸ்டிக் பையின் வாயைக் கயிற்றால் ஒரு பக்கமாக இறுக்கி, அண்ணன் இரண்டு ஸ்ட்ரா செருகித் தருவார். இடித்துக்கொண்டு, "நீதான்டி அதிகம் உறிஞ்சின" என்று சண்டை போட்டுக்கொண்டே சாயங்கால ஓதல் வகுப்புக்குப் போவார்கள்.

ஒரு நாள் வகுப்பில் உஸ்தாஸ், ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறப்பு ஆகிவிடும் பால்குடி உறவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அஃப்ரின் கையைத் தூக்கினாள்.

"உஸ்தாஸ், நானும் இவளும் தினமும் ஒண்ணா பால் குடிக்கிறோம். அஞ்சு தடவைக்கு மேலேயே ஆயிடுச்சு. நாங்க அக்கா தங்கச்சியா?"

"என்ன பாலு?"

"பண்டுங், உஸ்தாஸ்."

உஸ்தாஸ் சிரித்த சிரிப்பில் சொங்கோக் தொப்பி கழன்று விழுந்தது. "பண்டுங்குக்குக் கணக்கு இல்ல, உக்காரும்மா!"

படியிறங்கும்போது அஃப்ரின் சொன்னாள்: "கணக்கு இல்லாததும் நல்லதுதான்டி ஜுபே. அக்கா தங்கச்சின்னா சம்பந்தி ஆக முடியாது. உனக்குப் பொண்ணு பொறக்கட்டும், எனக்குப் பையன் பொறக்கட்டும். கட்டி வெச்சிரலாம்."

"எனக்குப் பையனும் உனக்குப் பொண்ணும் பொறந்தா?"

"அப்பவும் நான்தான் மாமியார். நீ அழுவே, உனக்கு மாமியார்த்தனம் வராது."

நஜ்முதீனுக்கு ஜுபைதாவைப் பேசி முடித்ததே அஃப்ரின்தான். நிக்காஹ் அன்று காதில் வந்து, "அன்னிக்கு உஸ்தாஸ் பண்டுங்கக் கணக்குல சேத்திருந்தா நீ என் நானாவுக்குத் தங்கச்சிடி!" என்று அண்ணனை இழுத்துச் சொல்லி மணப்பெண்ணைச் சபையில் சிரிக்க வைத்தாள். இருவருமாகத் திட்டு வாங்கினார்கள்.

அஃப்ரினுக்கு இரண்டு பெண்கள். மூன்றாவது பையன், ஜுஹைர். நாற்பதாம் நாள் முடி இறக்கும் வைபவத்தில் குழந்தையை முதலில் மடியில் வாங்கிக்கொண்டவள் ஜுபைதா. அப்போது தூரத்து உறவில் ஒரு பெரியம்மா, சத்தமாகவே சொன்னாள்: "புள்ள இல்லாதவ மடியிலயா முத முடி எறக்குறது?" அஃப்ரின் விடுவிடுவென்று வந்து குழந்தையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். ஜுபைதா பிரியாணி சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தாள். அதற்கப்புறம் அஃப்ரின் எத்தனையோ முறை கூப்பிட்டாள். இவள் எடுக்கவில்லை.

கிள்ளானில் இறங்கி, ஸ்டேஷன் எதிரே ஒரு கடையில் பண்டுங் வாங்கினாள். "ஒரு பை, ரெண்டு ஸ்ட்ரா" என்றாள். கடைக்காரப் பெண் அவளையும் பார்த்து, அவளோடு யாரும் இல்லாததையும் பார்த்தாள்.

அஃப்ரின் வீடு, அவள் கணவர் ஷம்சுதீனின் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேல்மாடி. கதவைத் திறந்தவள் இடுப்பில் ஜுஹைர், தோளில் துண்டு.

"வாங்க மச்சி."

அந்த 'வாங்க'வும் அண்ணன் மனைவிக்கான 'மச்சி'யும் ஜுபைதாவைத் தைத்தன. சின்ன வயதிலிருந்து ஜுபே என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். பண்டுங் பையை நீட்டினாள். அஃப்ரின் பார்த்தாள்.

"ஒரே பைதானா? கஞ்சத்தனம் இன்னும் போகலையா?"

"ரெண்டு ஸ்ட்ரா இருக்கு."

உட்கார்ந்ததும் ஜுபைதா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பையன் போனது, பெண் வந்தது, பால், நாளைக்கு. ஜுஹைர் ஸ்ட்ராவைப் பிடிக்கக் கை நீட்டினான்.

"வேலை ஆகணும்னதும் வந்துட்டே" என்றாள் அஃப்ரின்.

"ஆமா. வேலை ஆகணும்னுதான் வந்திருக்கேன். அதுக்கும் வரலன்னா எப்பத்தான் வந்திருப்பேனோ."

"அன்னிக்கு நான் புள்ளைய உன்கிட்டேருந்து வாங்கினது..."

"வாங்கல. புடுங்கின."

கீழே கடையில் யாரோ தேதாரே டீ கேட்டுக் கத்தினார்கள். அஃப்ரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"புடுங்கினேன். பெரியம்மா வாய அடைக்கத்தான்னு ஏழு மாசமா ஷம்சுகிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன். அது பொய். எனக்கும் ஒரு நொடி பயம் வந்துச்சு ஜுபே. உன் மடியப் பாத்து எனக்குப் பயம் வந்துச்சு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நீ எடுத்திருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல."

ஜுபைதாவுக்குக் கோபம் முழுசாகப் போனது என்று சொல்ல முடியாது. ஆனால் ஜுபே என்று கூப்பிட்டுவிட்டாளே.

"குடுப்பியா, மாட்டியா?"

அஃப்ரின் மடியில் கிடந்த மகனைப் பார்த்தாள். "நான் குடுத்தா அவ இவனுக்குத் தங்கச்சி ஆயிடுவா. தெரியுமில்ல?"

"தெரியும்."

"சம்பந்தி போச்சு."

"போச்சு."

"இருபது நாள்கூட ஆகாத புள்ளைக்கு வந்த மாப்பிள்ளையக் கலைச்சிட்டியேடி பாவி! எப்பேர்ப்பட்ட பையன், பல்லு ரெண்டு இருக்கு!"

இருவரும் சிரித்தார்கள். ஜுஹைர் மிரண்டு அழ ஆரம்பித்தான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே மூவரும் இல்லத்து வரவேற்பறையில் இருந்தார்கள். ஜுஹைரை ஷம்சுதீனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள் அஃப்ரின். நஜ்முதீன் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், சுவரிலிருந்த காலண்டரை இரண்டு முறை படித்தார்.

"நானா, உக்காருங்களேன். உங்களப் பாத்தா எனக்குப் பிரசவ வலி வருது."

இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரம்மா வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தார். யார் அம்மா என்பதுபோல இரண்டு பெண்களையும் பார்த்தார். அஃப்ரின் கையைக் கட்டிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். குழந்தை ஜுபைதாவின் மடிக்கு வந்தது. எடையே இல்லை. நெற்றியைச் சுருக்கி, வாயைக் கோணி, துணி சரியில்லை என்று சொல்லும் வாடிக்கையாளரைப் போல முறைத்தது. நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தார்கள், வந்ததும் ஜுபைதா உள்ளே கொடுத்தனுப்பிய ஆறில் ஒன்று.

குழந்தை வாயைத் திறந்து தேடியது. அழுகை வந்தது. ஜுபைதா ஆட்டினாள், தட்டினாள், ஓதினாள். அழுகை பெரிதானது.

அஃப்ரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மார்பில் துணி நனைந்திருந்தது. ஆனாலும் கை முழங்கால் மேலேயே இருந்தது.

"பசிக்குதுடி" என்றாள் ஜுபைதா.

"தெரியுது."

"எடுத்துக்கோயேன்."

"மாட்டேன். உன் மடியிலேருந்து நான் எடுக்க மாட்டேன் ஜுபே. நீயாக் குடு. எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்."

ஜுபைதா மகளின் முகத்தைப் பார்த்தாள். கிடைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்னும் ஒரு நொடி வைத்துக்கொண்டாள், அவளுக்கே அவளுக்கென்று ஒரு நொடி. பிறகு தலைக்குக் கீழே ஒரு கையும் முதுகுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துத் தூக்கி அஃப்ரினின் மடியில் வைத்தாள். நஜ்முதீன் வெளியே போய்விட்டார். மலாய்க்காரம்மா திரையை இழுத்தார்.

அழுகை நின்றது. சின்னச் சின்னதாக விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மெதுவாடி மருமவளே" என்றாள் அஃப்ரின் குனிந்து. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி சரி, மவளே. உங்கம்மா மாதிரியே இருக்கே, அதிகமா உறிஞ்சுற."

குழந்தையின் கால் ஒன்று துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஜுபைதா அதைத் தன் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். பால் குடித்து முடியும்வரை விடவில்லை.