பதினைந்து சீட்டு, மூன்று வெற்றி

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, போனில் வந்தது. தகடு வெட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் என் அக்கா மூச்சிரைக்கக் கத்தினாள்: "டேய், பதினஞ்சே ஓட்டுச்சீட்டு. எண்ணி முடிச்சேன். மூணு பேர் ஜெயிச்சிருக்காங்கடா!"

[முதல் தொடக்கம்: 'ஜனநாயகம் என்பது யாதெனில்...' அடித்துவிட்டேன். அக்கா படித்தால் சிரிப்பாள்.]

2

போன மாதம் வெட்டு இயந்திரம் ஆபரேட்டரின் இரண்டு விரல்களை வாங்கிவிட்டது. இனி அதை என்ன செய்வது? தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் ஆள் சொல்வதைக் கேட்பதாக முதலாளி ஒத்துக்கொண்டார். மூன்று பேர் நின்றார்கள். நிறுத்தினால் கூலி போகும், கவனமாக ஓட்டுவோம் என்றார் மேஸ்திரி. புது இயந்திரம் வரும்வரை தொடவே கூடாது என்றார் ஆபரேட்டர். தடுப்பு மாட்டி ஓட்டலாம் என்றார் எலக்ட்ரீஷியன்.

மூவரையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி எழுதச் சொன்னது அக்காதான். எப்படி எண்ணுவதென்று யாரும் பேசிக்கொள்ளவில்லை.

3

முதலிடம்: மேஸ்திரிக்கு ஆறு, ஆபரேட்டருக்கு ஐந்து, எலக்ட்ரீஷியனுக்கு நாலு. மேஸ்திரி ஜெயித்தார்! ஆனால் மற்ற ஒன்பது பேரும் அவரைக் கடைசியில் எழுதியிருந்தார்கள்.

சரி, கடைசியில் வந்த எலக்ட்ரீஷியனை விலக்கினால்? அவருடைய நாலு பேரும் இரண்டாவதாக எழுதியது ஆபரேட்டரை. ஒன்பதுக்கு ஆறு. ஆபரேட்டர் ஜெயித்தார்!

இருவர் இருவராக மோதவிட்டால்? மற்ற இருவரின் ஆட்களும் இரண்டாவதாக எழுதியது எலக்ட்ரீஷியனை. மேஸ்திரியை ஒன்பதுக்கு ஆறு, ஆபரேட்டரைப் பத்துக்கு ஐந்து. கடைசியில் வந்தவர் எல்லோரையும் வீழ்த்துகிறார்!

(இங்கே நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கணக்குக்காகக் கைதட்டியது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.)

"எப்படி எண்ணுறதுன்னு ஒரு ஓட்டுப் போடுங்களேன் அக்கா."

"அந்த ஓட்டை எப்படிடா எண்ணுறது?"

4

மேஸ்திரியை வில்லனாக்கத்தான் நினைத்தேன். 'அவர் சீட்டுகளைப் பறித்துக் கிழித்து...' இல்லை, அப்படி நடக்கவில்லை. வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தாராம். முகம் சுண்டிப்போயிற்றாம்.

"ஒம்பது பேருக்கு நான் ஆகவே ஆகலையா? அப்போ எலக்ட்ரீஷியனே இருக்கட்டும்."

கட்டுப்போட்ட கையோடு ஆபரேட்டர் எழுந்தார். "போனது என் விரலு. நாலே பேரு முதல்ல எழுதின ஆளுக்கு நான் ஏன் விட்டுக்கொடுக்கணும்?"

"ஜெயிச்சேன்னு எனக்கே நம்ப முடியலையே," என்றார் எலக்ட்ரீஷியன்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நியாயமாகவே இருந்து தொலைக்கின்றன. அக்கா சாக்பீஸோடு பலகை முன் நிற்கிறாள். ஜெயித்தவர் பெயரை நீங்களே சொல்லுங்கள். சொன்ன கையோடு, தோற்ற இருவரின் முகத்தையும் பார்த்து, ஏன் என்றும் சொல்லிவிடுங்கள்.