பின்கண்ணாடியில் ஒட்டிய கேமரா

2009இல் தமிழ்செல்வி பழைய கார் ஒன்று வாங்கினாள். மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் குடியிருந்த சந்துக்குள் வண்டியைத் திருப்ப இடமில்லை. மெயின் ரோட்டிலிருந்து அறுபது அடி ரிவர்ஸிலேயே வர வேண்டும். கம்பெனியில் மைக்ரான் கணக்கில் அளவு பார்க்கிறவளுக்கு, சந்துச் சுவர் மட்டும் எங்கே இருக்கிறதென்று பிடிபடவில்லை.

அவள் கணவன் பூபதி பெங்களூருக்குப் போய் ஒரு கேமரா வாங்கி வந்தான். முன்கண்ணாடியில் மாட்டி, போகிற ரோட்டைப் பதிவு செய்வதற்கான கேமரா அது.

"ரிவர்ஸ் கேமரான்னா பம்பர்ல ஓட்டை போடணும், ஒயர் இழுக்கணும். இதைப் பின்கண்ணாடியில ஒட்டிட்டா வேலை முடிஞ்சுது" என்று ஒட்டினான்.

படம் தெரியும் குட்டித் திரை கேமராவின் முதுகிலேயே இருந்தது.

"இதைப் பார்க்கவே நான் திரும்பணும். திரும்பினா கண்ணாடியிலயே எல்லாம் தெரியும். இப்ப அதையும் இது மறைக்குது" என்றாள் தமிழ்செல்வி.

பூபதி பின்சீட்டில் பின்பக்கம் பார்த்து மண்டியிட்டான். திரையைப் பார்த்து அவன் வழி சொல்வதாக ஏற்பாடு.

"வா, வா. லெஃப்ட்ல ஒடி."

"உங்க லெஃப்டா, என் லெஃப்டா?"

அவன் யோசிப்பதற்குள் வீட்டு ஓனர் திம்மப்பனின் தண்ணீர்ப் பைப் உடைந்தது.

திம்மப்பன், தன் மனைவி வெங்கடம்மாளோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"பைப்பு சந்துக்குள்ள ஒரு முழம் நீட்டிக்கினு இருந்துச்சு சார். வீடியோ இருக்குது, வந்து பாருங்க" என்றான் பூபதி.

நால்வரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். பைப் நீட்டிக்கொண்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது. திம்மப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். வீடியோவில் பூபதியின் குரல் பேசியது: "மெதுவா வா செல்வி. மீசைக்கு மை போடற ஆளு ஜன்னல்ல நின்னு பார்க்கறாரு."

பூபதி மவுஸைப் பிடித்து அழுத்தினான். வீடியோ நிற்கவில்லை.

"மை தெரியுதுன்னு நான் சொன்னா நம்ப மாட்டாரு. இன்னொரு தடவை போடுப்பா" என்றாள் வெங்கடம்மாள்.

"பைப்பை நானே தள்ளி மாட்டிக்கறேன்" என்று திம்மப்பன் எழுந்து போனார்.

அடுத்த வாரம் ஓசூர் மெக்கானிக் ஒருவர் பம்பரில் ஓட்டை போட்டு நிஜமான ரிவர்ஸ் கேமராவைப் பொருத்தினார். ரிவர்ஸ் கியர் போட்டதுமே ஸ்டியரிங் பக்கத்துத் திரையில் சந்து தெரிந்தது. பழைய கேமரா முன்கண்ணாடிக்குப் போனது. அதன்பின் பூபதி காருக்குள் வாயைத் திறப்பதில்லை. கிருஷ்ணகிரி வரை போனாலும் கைஜாடைதான்.

சத்தம் பதிவாகாமல் நிறுத்த அந்தக் கேமராவிலேயே ஒரு பட்டன் இருந்தது. கூட வந்த புத்தகத்தைப் படித்துத் தமிழ்செல்வி அதைக் கண்டுபிடித்திருந்தாள். அவனிடம் சொல்ல அவளுக்கு அவசரமில்லை.