முக்கால் கிலோ பித்தளை

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு இயற்பியல் கைடு. பக்கத்து வீட்டுப் பெண் மொட்டைமாடியில் மறந்துவிட்டுப் போனது. சூடான திரவம் வரும் கணக்குகளின் அடியிலெல்லாம் ஒரே வரி: 'கிண்ணம் ஏற்கும் வெப்பத்தைச் சேர்க்க வேண்டாம்.' ஏன் வேண்டாம்? கணக்கு சுலபமாகிவிடுமாம். பத்தொன்பது குடும்ப நாவல்கள் எழுதியிருக்கிறேன். இப்படிச் சுலபமாகக் கணக்குப் போடுகிற ஆண்களைத்தான் நாயகர்கள் என்று விற்றிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'நோன்பு மாதத்து மாலை வெயில் சைதாப்பேட்டை மேல் பொன்னாக...' சகிக்கவில்லை. வெயில் வெயிலாகத்தான் இருந்தது.

இரண்டாவது: ரூபீனாவுக்கு ஆதிலைப் பிடித்திருந்தது. இருக்கட்டும். அவளுக்குத் தரமணியில் ஒரு ஆய்வகத்தில் வேலை. அவன் தி.நகரில் டியூஷன் சென்டர் நடத்துகிறான். [இங்கே அவன் கண்களைப் பற்றி ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன்.] கல்யாணமானதும் அவள் வேலையை விட்டுவிட்டு, அவன் பெயரில் வரும் கைடுகளுக்குக் கணக்கு எழுதித்தர வேண்டுமாம். அவள் வீட்டில் நோன்பு திறந்ததும் தேதி குறிப்பதாக ஏற்பாடு. அதற்குள் ரூபீனாவுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்: தப்பைச் சொன்னால் இவன் தாங்குவானா?

3

ஆதில் பள்ளிவாசல் கஞ்சியை ஃபிளாஸ்கில் கொண்டுவந்து ரூபீனாவின் அப்பாவிடம் நீட்டினான்.

"பாங்கு சொல்றப்ப கரெக்டா அறுபத்தஞ்சு டிகிரி மாமா. கணக்குப் போட்டுட்டேன்."

அவன் அம்மா குல்ஷன், தான் முன்பே சீர்வரிசையாகக் கொடுத்த பித்தளைக் கிண்ணங்களில்தான் ஊற்ற வேண்டும் என்றார். ஒவ்வொன்றும் முக்கால் கிலோ. இருபத்து மூன்று டிகிரி ஏசி அறையில் ஜில்லென்று கிடந்தவை. ஆளுக்கு நூறு மில்லி கஞ்சி. எல்லோருக்கும் நோன்பு, வாயில் வைத்துப் பார்க்க ஆளில்லை.

பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி. ரூபீனாவின் அப்பா உமர் ஃபாரூக் ஒரு வாய் குடித்தார். சம்பந்தி மரியாதைக்காக, ஆறின கஞ்சியை ஊதினார். (ஆமாம், ஊதினார். பழைய நாவலாக இருந்தால் இவரைத் தியாகி ஆக்கியிருப்பேன்.)

"நல்ல சூடு தம்பி."

"ஆறிப்போச்சு அத்தா," என்றாள் ரூபீனா.

"எம் புள்ள கணக்குல தப்பே வராது," என்றார் குல்ஷன்.

"ஃபிளாஸ்க் வரைக்கும் தப்பில்ல மாமி. கிண்ணத்த விட்டுட்டாரு." ரூபீனா டிஷ்யூ பேப்பரில் எழுதினாள். "ஒரே எடைன்னா, தண்ணி இழுக்குற சூட்டுல பதினொண்ணுல ஒரு பங்குதான் பித்தளை இழுக்கும். ஆனா இங்க கஞ்சிய விட ஏழரை மடங்கு எடை. நாப்பத்தெட்டுக்கு எறங்கிடும்."

"கிண்ணத்தையெல்லாம் யாருங்க சேப்பாங்க? பரீட்சைல கேக்கவே மாட்டான்," என்றான் ஆதில்.

"பரீட்சையா நடக்குது இங்க? சாப்புட்டுனு இருக்கோம்."

அவள் அம்மா மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார்.

4

முடிவு அ: ஆதில் சிரித்து, "இனிமே என் கணக்கெல்லாம் நீங்கதான்" என்கிறான். நிக்காஹ். பத்திரிகை ஆசிரியர் உருகிவிடுவார். ஒரு கொஞ்சலில் தரமணி வேலை காலி.

முடிவு ஆ: கோபித்துக்கொண்டு எழுந்து போகிறான். அவள் தப்பித்தாள். இதுவும் சோம்பேறி முடிவுதான். அவன் அவ்வளவு கெட்டவனில்லை.

நான் எழுதியது இது: ஆதில் டிஷ்யூவை இழுத்து வரிவரியாகச் சரிபார்த்தான். காது சிவந்தது.

"நாப்பத்தெட்டுதான். சூப்பருங்க! அடுத்த கைடுல போட்டுடலாம்."

"யார் பேர்ல?" என்றாள் ரூபீனா.

அவன் வாயைத் திறந்தான். நான் பேனாவை மூடுகிறேன். நல்ல பதிலாக ஒன்று எழுதிக்கொடுத்து அவனைக் காப்பாற்ற எனக்குத் தெரியும். அந்த வேலையை விட்டுவிட்டேன். நீங்கள் எழுதுங்கள். அவனுக்குச் சலுகை காட்டாமல்.