மண் போட்ட மீன்தொட்டி

விவாகரத்து வாங்கிக்கொண்டு பாக்தாதில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த நிப்ராஸ், தனக்கென்று வாய்திறந்து கேட்டது ஒரு மீன்தொட்டிதான். அதற்கே அண்ணன் குதைபா முகத்தைச் சுளித்தான். கரண்ட் போகும் நேரத்துக்கென்று தெரு ஜெனரேட்டர்க்காரனிடம் அவன் காசு கொடுத்து வாங்கும் ஆம்பியர் ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்குமே இழுபறி. இதில் மீனுக்கு மோட்டார், விளக்கு என்று யார் அழுவது? சுட்டுத் தின்ன என்றால் பெரிய மீனாகவே வாங்கித் தருகிறேன் என்று கிண்டல் வேறு.

"ஒரு ஆம்பியர்கூட வேணாம். ஜன்னலோரம் கொஞ்சம் இடம் விடு, போதும்" என்றாள்.

தோட்டத்து மண்ணைச் சலித்துத் தொட்டியின் அடியில் பரப்பினாள். அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்கு ஆற்று மணல். வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய செடிகளை இடைவெளி தெரியாமல் நட்டாள். வலையில் சிக்கி உயிரை வாங்குகிறது என்று மீனவர்கள் திட்டும் ஷம்பலான் என்ற நீர்ப்பூண்டைக் கால்வாயிலிருந்து அள்ளிவந்து மிதக்கவிட்டாள். கலங்கிய தண்ணீர் தானே தெளியும்வரை காத்திருந்து, பிறகு கொஞ்சம் கப்பி மீன்களை விட்டாள். அவ்வளவுதான் வேலை. வற்றினால் தண்ணீர் ஊற்றுவாள், மற்றபடி தொடமாட்டாள்.

அண்ணி இப்திஹாலால் அதைத்தான் தாங்க முடியவில்லை. வாசல்படியைக்கூட ப்ளீச் போட்டுத் தேய்க்கிற மனுஷி. நிப்ராஸ் ஹில்லாவுக்குத் தோழியைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், பாவம் பார்த்து, தொட்டியைக் கவிழ்த்து, மண்ணைக் கொட்டி, மணலையும் ப்ளீச்சில் அலசி, புதுத் தண்ணீரில் மீன்களைத் திரும்ப விட்டு, பளபளவென்று வைத்துவிட்டாள். மறுநாள் மீனெல்லாம் மல்லாந்து மிதந்தன.

திரும்பிவந்த நிப்ராஸ் செத்த மீன்களை ஒவ்வொன்றாக அள்ளிப் போட்டாள். புருஷன் வீட்டிலும் இதே கதைதான். அவள் சிரிப்பு, நடை, உடுப்பு எல்லாவற்றையும் மாமியார் அவள் நன்மைக்காகவே தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். அங்கே பொறுத்துப்போனதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. மறுபடி மண் சலித்தாள். இந்தத் தடவை தொட்டியைத் தன் அறையில் வைக்கவில்லை. விருந்தினர் கூடத்து ஜன்னலில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள்.

பெருநாளுக்கு முந்தின நாள் கழுவிக் கழுவி வீடே தண்ணீரில் மிதந்தது. கிளைச்சாப் பலகாரத்துக்கு நிப்ராஸ் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கூடத்தில் வாளி வைக்கும் சத்தம் கேட்டதும் மாவுக் கையோடு ஓடினாள். இப்திஹால் சட்டைக்கையை மடித்துவிட்டு நின்றாள். நாளைக்கு ஊரே வரும், இதைக் கழுவு, இல்லாவிட்டால் மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போ என்றாள்.

நிப்ராஸ் ஒரு நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"இதுல கை வச்சீங்கன்னா கிளைச்சாவ நீங்களே சுட்டுக்கங்க அண்ணி. இன்னையிலிருந்து இந்த வீட்டு மாவு, பாத்திரம், தரை எதையும் நான் தொடமாட்டேன்."

குதைபா வந்தான். "என் வீட்டுல இருந்துகிட்டு எனக்கே சட்டமா?"

"உன் வீடா? அப்பா வீடு. என் பங்கை நான் இதுவரைக்கும் கேட்டேனா? இந்த ஜன்னல் எனக்கு. மீதியை நீ வச்சிக்க. முடியாதுன்னா சொல்லு, முழுசாவே கேக்குறேன்."

தங்கை பங்கு கேட்பாள் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. மனைவியைப் பார்த்தான். இப்திஹால் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

பெருநாளன்று கூடம் நிறைய ஆட்கள். கரண்ட் போனது; தெரு ஜெனரேட்டரும் இருமி நின்றது. ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் வெயிலில் செடிகளுக்கிடையே கப்பிகள் பாட்டுக்குத் திரிந்தன. நிப்ராஸின் அத்தை தொட்டிக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள்.

"தண்ணி என்ன பளிச்சுன்னு இருக்கு! தினம் யார் கழுவுறீங்க?"

கிளைச்சாத் தட்டோடு நின்ற அண்ணியைப் பார்த்தபடியே நிப்ராஸ் சொன்னாள்.

"யாரும் கழுவுறதில்ல அத்தை. அதனாலதான் உயிரோட இருக்கு."